2012 மேக்புக்கில் மேக்ஓஎஸ் சோனோமா: இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்ததில்

என்னிடம் இருப்பது 2012 நடுவில் வெளியான 13 அங்குல மேக்புக் ப்ரோ, டிவிடி டிரைவோடு வரும் அந்தக் கனத்த மாடல். 2016 அக்டோபர் வரை கடையில் விற்ற பெட்டிதான், ஆனால் 2020இல் வந்த பிக் சர் என்ற மேக்ஓஎஸ் (மேக்கின் இயங்குதளம்) பதிப்பு ஓடும் கணினிகளின் பட்டியலில் இதற்கு இடமில்லை, அதற்கு முந்தைய கேட்டலினாவோடு சரி. 2022இல் கேட்டலினாவுக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. கீபோர்டு இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது, தூக்கிப்போட மனசு வரவில்லை. ஆப்பிள் கைவிட்ட மேக்குகளிலும் புதிய மேக்ஓஎஸ் ஏற்ற உதவும் ஓபன்கோர் லெகஸி பேட்சர் என்ற மென்பொருளை வைத்து முதலில் மான்டரே (பதிப்பு 12) போட்டேன், 2024 தொடக்கத்தில் சோனோமாவுக்கு (பதிப்பு 14) மாறினேன்.

பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி ரேமோடு இதை முயற்சி செய்யவே செய்யாதீர்கள். என்னுடையதில் சாட்டா எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம். ஆப்பிள் 8 ஜிபிதான் உச்சம் என்று எழுதியிருக்கும், 16 தாராளமாக ஏற்கும்.

நிறுவுவது பெரிய வித்தை இல்லை. பென்டிரைவ் தயார் செய்து, ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தபடி மேக்கை இயக்கி, திரையில் வரும் 'இஎஃப்ஐ பூட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கமான நிறுவல்தான். முதல் தடவை உள்ளே போனதும்தான் வயிற்றைக் கலக்கும். இன்டெல் எச்டி 4000 கிராஃபிக்ஸுக்கான டிரைவரை மான்டரேயிலேயே எடுத்துவிட்டார்கள், சோனோமாவில் இந்தப் பழைய வைஃபை சிப்புக்கான டிரைவரும் போயிற்று. விண்டோவை இழுத்தால் ஒரு நொடி கழித்து நகர்கிறது, வைஃபை அடையாளத்தில் குறுக்குக்கோடு. பேட்சரில் இருக்கும் ரூட் பேட்ச் (எடுத்துவிட்ட டிரைவர்களைச் சிஸ்டத்தில் திரும்பச் சேர்ப்பது) போட்டு மறுதொடக்கம் செய்தால் இரண்டும் திரும்பிவிடும். அதற்கு வேண்டிய கோப்பை இறக்க நெட் வேண்டுமே என்று கேட்டால், நல்லவேளை இந்த மாடலில் லேன் துளை இருக்கிறது.

உண்மையான தலைவலி அப்டேட்தான். ரூட் பேட்ச் போட்டதும் சிஸ்டம் வட்டின் முத்திரை (கோப்புகள் மாறவில்லை என்று உறுதிசெய்யும் ஆப்பிளின் குறி) உடைந்துவிடுகிறது, அதனால் சின்ன 14.x அப்டேட்டுக்கும் முழுசாக 12 ஜிபிக்கு மேல் இறக்கும். முடிந்ததும் பேட்ச்கள் எல்லாம் அழிந்திருக்கும், மறுபடி போட வேண்டும். தானியங்கி அப்டேட்டை அணைக்க நான் மறந்திருந்த ஒரு நாள், ராத்திரி வந்த அறிவிப்பை மகன் அமுக்கிவிட்டுத் தூங்கப் போய்விட்டான். காலையில் அவனுக்கு ஆன்லைன் வகுப்பு, திரையோ ஆமை வேகம், வைஃபை இல்லை, ரூட்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து லேன் கேபிளைச் செருகிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே டச்பேடுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டினேன்: "அப்டேட் கேட்டால் அமுக்காதே, அப்பாவைக் கூப்பிடு." இன்னும் இருக்கிறது. இப்போதெல்லாம் அப்டேட் வந்தால் இரண்டு வாரம் விட்டுவிடுவேன், பேட்சரின் புதுப் பதிப்பு வந்ததா என்று பார்த்து, டைம் மெஷின் பேக்கப் எடுத்தபிறகுதான் கையை வைப்பது.

அன்றாட வேலைக்குக் குறையில்லை. உலாவி, அலுவலகக் கோப்புகள், தமிழ்99 தட்டச்சு எல்லாம் சரளமாக ஓடுகின்றன. யூடியூப்தான் சூடேற்றும், ஏனென்றால் யூடியூப் பயன்படுத்தும் விபி9 வகை வீடியோவைப் பிரிக்கும் வன்பொருள் இந்தச் சிப்பில் கிடையாது. பழைய எச்.264 வகை வீடியோவை மட்டும் ஓட வைக்கும் உலாவி நீட்சியைப் போட்டபிறகு ஃபேன் அடங்கியது. சோனோமாவுக்கு அடுத்த பதிப்பான செக்கோயாவுக்குப் போனாலும் ஐபோன் மிரரிங் (ஐபோன் திரையை மேக்கில் காட்டும் வசதி) எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம், அதற்கு ஆப்பிளின் டி2 பாதுகாப்புச் சிப்பாவது வேண்டும்.

இன்னொரு விஷயம், இதற்காக எஸ்ஐபி (சிஸ்டம் கோப்புகளை மாற்றவிடாமல் தடுக்கும் மேக்ஓஎஸ் வசதி) பாதுகாப்பைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கிறது. அதனால் வங்கி வேலையை இதில் நான் செய்வதில்லை, அது மொபைலில்தான். ஒரே கணினியில் சம்பாதிப்பவர்கள், கணக்கு வழக்கு பார்ப்பவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பதே நல்லது. வீட்டில் இரண்டாவது பெட்டியாக வைத்துக்கொள்ளத் தாராளமாகப் போடலாம்.

அடுத்து செக்கோயா போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், அத்தோடு நிறுத்திக்கொள்வேன். இன்டெல் சிப் உள்ள மேக்குகளுக்கு, செக்கோயாவுக்கு அடுத்த டஹோதான் கடைசி என்று ஆப்பிளே சொல்லிவிட்டது, அதை இதில் ஏற்றும் ஆசை எனக்கில்லை. மாற்று இயங்குதளமான லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென்டிரைவ் இப்போதே மேசை டிராயரில் கிடக்கிறது.