லெட்டர்மேனின் இடத்தில் கோல்பேர்

1993 முதல் டேவிட் லெட்டர்மேன் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் நடத்திவந்த ‘தி லேட் ஷோ’ என்ற இரவுநேர நகைச்சுவை, உரையாடல் நிகழ்ச்சியை, அவர் ஓய்வுபெற்ற பின், 2015 செப்டம்பர் 8 அன்று நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேர் ஏற்றுக்கொண்டார். காமெடி சென்ட்ரல் தொலைக்காட்சியில் ஒன்பது ஆண்டுகள் வலதுசாரி விமர்சகர் வேடத்திலேயே பேசிப் பழகியவர், அந்த வேடத்தைக் களைந்தபின் எப்படித் தாக்குப்பிடிப்பார் என்ற ஐயம் பலருக்கும் இருந்தது.

நடிகர் ஜார்ஜ் குளூனியும் அரசியல்வாதி ஜெப் புஷ்ஷும் விருந்தினர்களாக வந்த முதல் இரவில் பரபரப்பே மிகுதி. ஜான் பாடீஸ்ட் குழுவின் இசைதான் அதைத் தாங்கிப் பிடித்தது. நிகழ்ச்சி நடந்த, புதுப்பித்த எட் சல்லிவன் அரங்கின், நெடுங்காலம் மறைந்திருந்த குவிமாடமும் கண்ணுக்கு விருந்து.

ஆனால் செப்டம்பர் 10 அன்று அப்போதைய துணை அதிபர் ஜோ பைடனுடன் நிகழ்ந்த உரையாடலே கோல்பேருக்கு உரைகல். அவ்வாண்டு மே மாதம் மகன் போவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருந்த பைடன் தட்டுத்தடுமாறிப் பேசியபோது, தன் பத்தாவது வயதில் விமான விபத்தில் தந்தையையும் இரு அண்ணன்மாரையும் இழந்த கோல்பேர், சிரிக்கவைக்க அவசரப்படாமல், அவர் மனம்விட்டுப் பேசக் காத்திருந்தார். பார்வையாளர்களும் அவ்வளவு கவனமாகக் கேட்டார்கள். லெட்டர்மேனின் விட்டேத்தியான எள்ளலைத் தேடியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். எனக்கோ, இந்தப் பொறுமைக்காகவே, நிகழ்ச்சி தொடங்கும் இரவு 11.35 மணி வரை விழித்திருக்கலாம் என்று தோன்றியது.