நாக்ஸ்வில்: மகளிர் பாஸ்கெட்பால் ஹால் ஆஃப் ஃபேம், பாட் சம்மிட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில் பக்கம் போகிற நம் ஆட்கள் பெரும்பாலும் ஸ்மோக்கி மலைக்குப் போகிற அவசரத்தில் இருப்பார்கள். ஒரு ராத்திரி தங்கல், விடிந்ததும் கிளம்பியாச்சு. அந்த ஊரிலேயே அரை நாள் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அதுவும் எங்கேயோ சந்துக்குள் ஒளிந்துகொண்டு இல்லை. 30 அடி உயரம், 10 டன் எடையில் ஒரு ஆரஞ்சு நிறப் பந்து, கண்ணாடியில் கட்டிய மாடிப்படிக் கூண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கூண்டுதான் வலை, பந்து அதற்குள் விழப்போகிறது என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். உலகத்திலேயே பெரிய பாஸ்கெட்பால் என்று சொல்கிறார்கள். அதுதான் மகளிர் பாஸ்கெட்பால் ஹால் ஆஃப் ஃபேம், இந்த ஆட்டத்தில் பெயர் வாங்கியவர்களைக் கௌரவிக்கும் அருங்காட்சியகம், 1999 ஜூனில் திறந்தது. என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அரை எங்கே போனது என்று பிறகு சொல்கிறேன்.

இந்த விளையாட்டின் விதிகள் தெரியாதவர்களும் தாராளமாகப் போகலாம். ஆனால் பாட் சம்மிட் என்ற பெயரையாவது தெரிந்துகொண்டு போனால் பார்க்கிறதெல்லாம் ஒரு கோர்வையாக வரும். டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு 1974-இல் கோச் ஆகி 2012 வரை, 38 சீசன் அதே வேலையில் இருந்தவர். 1,098 வெற்றி, 208 தோல்வி. எட்டு தேசியப் பட்டம். ஒரு சீசனில்கூடத் தோல்விகள் வெற்றிகளைத் தாண்டியதில்லை. இந்தக் கணக்கெல்லாம் போனிலேயே கிடைத்துவிடும், அதற்காக யாரும் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. இங்கே கிடைப்பது அவருக்கு முந்தைய கதை. அதைப் பார்த்த பிறகுதான் அவர் எந்தத் தரையில் நின்று ஆரம்பித்தார் என்பது உறைக்கிறது.

அதனால் உள்ளே போனதும் நேராகப் புகழ்பெற்றவர்கள் வரிசைக்கு ஓடாதீர்கள். பழைய காலத்துப் பகுதியில் நிதானமாக நில்லுங்கள். ஆண்கள் ஆட்டம் பிறந்த கையோடு, 1892-இலேயே மாசசூசெட்ஸில் ஸ்மித் காலேஜில் செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் பெண்கள் ஓடினால் உடம்பு தாங்காது, முட்டி மோதினால் நாகரிகம் கெட்டுவிடும் என்று ஊரே நம்பிய காலம் அது. அதனால் அவர் போட்ட விதிகள்: மைதானம் மூன்று கட்டமாகப் பிரிக்கப்படும், யாரும் தன் கட்டத்தைத் தாண்டக் கூடாது, எதிராளி கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது, மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது, மூன்று தடவைக்கு மேல் தட்டக் கூடாது. 1893-இல் நடந்த முதல் காலேஜ் ஆட்டத்தைப் பார்க்க ஆண்களை உள்ளேயே விடவில்லை. இன்று படித்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டதால்தான் பெண்கள் கைக்குப் பந்தே வந்தது, அதையும் மறக்கக் கூடாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆல் அமெரிக்கன் ரெட் ஹெட்ஸ் அணி பயணம் செய்த நீளமான கார். 1936-இல் மிசௌரியில் ஆரம்பித்த அணி. எல்லோரும் தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு ஊர் ஊராகப் போய், ஆண்கள் அணிகளோடு ஆண்களின் விதிப்படியே ஆடி, ஜெயித்து, கூடவே கூட்டத்தைச் சிரிக்கவும் வைத்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். 1986 வரை, ஐம்பது வருஷம் இந்தப் பிழைப்பு. ஒரு முழு அணியும் இந்த ஒரே காரில் அடைந்துகொண்டு நாட்டையே சுற்றியிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக் கோப்பைகளை எல்லாம் விட இந்தக் கார்தான் எனக்கு அதிகம் பேசியது.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு தகவல்: கீழ்த்தளத்தில் பந்து போட்டுப் பார்க்கவே இடம் விட்டிருக்கிறார்கள். பிள்ளைகளை அங்கே விட்டால் நீங்கள் நிம்மதியாகப் படிக்கலாம். அப்புறம் அவர்களைக் கிளப்புவது உங்கள் பாடு.

சரி, பாட் சம்மிட்டுக்கு வருவோம். இந்தப் பழங்கதையைப் பார்த்துவிட்டு அவருடைய ஆரம்பத்தைப் படித்தால் அதன் எடை வேறாக இருக்கும். 1952-இல் கிளார்க்ஸ்வில் பக்கம் ஒரு பண்ணையில் பிறந்தவர். வைக்கோல் பரணில் வளையம் மாட்டி அண்ணன்மார்களோடு ஆடி வளர்ந்தவர். அங்கே உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்கு அணியே இல்லை என்பதால், மகள் ஆட வேண்டும் என்று அப்பா குடும்பத்தையே பக்கத்துக் கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மாற்றினார். வீட்டில் பயங்கரக் கண்டிப்பு காட்டிய மனுஷன், இதைச் செய்திருக்கிறார். காலேஜில் ஸ்காலர்ஷிப் எல்லாம் கிடையாது. கடைசி வருஷம் முழங்கால் போய்விட்டது.

அந்த முழங்காலோடுதான் 1974-இல் நாக்ஸ்வில் வந்தார், உதவி கோச்சாக இருந்துகொண்டே மேல்படிப்பு படிக்கலாம் என்ற எண்ணத்தில். வந்த இடத்தில் தலைமை கோச் விடுப்பில் போய்விட, 22 வயதில் அணியே அவர் தலையில் விழுந்தது. சில ஆட்டக்காரிகள் அவரை விட ஒரே ஒரு வயது இளையவர்கள். மாதச் சம்பளம் 250 டாலர். வேன் ஓட்டுவது அவர், சீருடை துவைப்பது அவர், அந்தச் சீருடையும் முந்தைய வருஷம் டோனட் விற்ற காசில் வாங்கியது. ஒரு தடவை வெளியூர் ஆட்டத்துக்குப் போய், எதிரணியின் ஜிம் தரையிலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் அவர் படித்துக்கொண்டும், பாடம் நடத்திக்கொண்டும், முழங்காலைத் தேற்றிக்கொண்டும் இருந்தார். முதல் ஆட்டம் மெர்சர் அணியிடம் 84-83 என்று ஒரே புள்ளியில் தோல்வி. அந்த சீசன் முடிவில் 16 வெற்றி, 8 தோல்வி. இரண்டே வருஷத்தில், பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்ஸில் சேர்க்கப்பட்ட 1976 மாண்ட்ரியாலில், அமெரிக்க அணியில் ஆடி வெள்ளி வாங்கிவிட்டார். 1984-இல் அதே நாட்டு அணிக்கு கோச்சாகத் தங்கம்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. டென்னசி பள்ளிகளில் 1979 வரை பெண்கள் ஆறு பேர் ஆட்டம்தான் ஆடினார்கள்: மூன்று பேர் ஒரு பாதியில் கோல் போடுவார்கள், மூன்று பேர் மறு பாதியில் தடுப்பார்கள், நடுக்கோட்டைத் தாண்ட முடியாது. தடுப்பில் நின்ற பெண் பள்ளி முடிக்கும்வரை ஒரு தடவைகூடக் கூடையை நோக்கிப் பந்து வீசியிருக்க மாட்டாள். காலேஜுக்கு அப்படி வருகிறவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சம்மிட் அந்த முறையை வெளிப்படையாக எதிர்த்தார். முழு மைதான ஆட்டம் வந்த பிறகு அந்த மாநிலத்துப் பெண்களுக்கு வெளியூர்க் காலேஜ்களின் கதவும் திறந்தது. மூன்று கட்ட மைதானத்தைப் படித்துவிட்டு இந்த இடத்துக்கு வந்தால்தான், எண்பது வருஷத்துக்கும் மேல் ஒரு கோடு எப்படித் தரையிலேயே இருந்தது என்று தெரியும். மூன்று கட்டம் இரண்டு கட்டமானது, அவ்வளவுதான் மாற்றம்.

பயிற்சியில் அவருடைய கடுமை ஊரறிந்தது. அந்த நீலக் கண் முறைப்புக்கே தனிப் புகழ். வெளியூரில் கட்டுப்பாட்டை மீறி இரவில் கூத்தடித்த அணியை மறுநாள் வாந்தி வரும்வரை ஓடவிட்டார், மைதானத்தின் மூலைக்கு மூலை குப்பைத்தொட்டியை முன்கூட்டியே தயாராக வைத்துவிட்டு. இதை வீரக்கதை மாதிரி சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய உற்சாகம் இல்லை. இன்று ஒரு கோச் அப்படிச் செய்தால் வேலை போய்விடும், போவதும் நியாயம்தான். எனக்குப் பிடித்த கண்டிப்பு வேறு: வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள்தான் உட்கார வேண்டும், வகுப்புக்கு மட்டம் போட்டால் ஆட்டத்தில் இடம் இல்லை. அவரிடம் முழுக் காலமும் ஆடி முடித்த ஒவ்வொரு பெண்ணும் பட்டம் வாங்கியிருக்கிறாள். ஒவ்வொருவரும்! எட்டுப் பட்டத்தையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஹாலில் யாராவது அவரைப் பற்றிக் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கோப்பைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1987, 1989, 1991, பிறகு 1996, 97, 98 என்று தொடர்ந்து மூன்று, கடைசியாக 2007, 2008. எல்லோரும் 1998-ஐப் பேசுவார்கள், சமீக்கா ஹோல்ட்ஸ்க்ளா, டமிகா கேட்சிங்ஸ், செமிகா ராண்டல் மூவரும் சேர்ந்து ஆடி, 39 ஆட்டத்தில் 39-ம் ஜெயித்த வருஷம். கோச்சின் வேலை என்று பார்த்தால் எனக்கு அதற்கு முந்தைய வருஷம்தான் பெரிது. பத்து ஆட்டத்தில் தோற்ற அணி அது, எல்லோரும் கைகழுவிவிட்ட அணி. அதை வைத்து 1997 பட்டத்தை வாங்கினார். நல்ல ஆட்டக்காரர்கள் கையில் இருக்கும்போது ஜெயிக்கவைப்பது ஒரு திறமை, தேசியப் போட்டி நடக்கும் மார்ச் மாதத்துக்குள் ஒரு சுமாரான அணியை நிமிர்த்துவது அதைவிடப் பெரிய திறமை. ஆண்கள் அணியை எடுத்துக்கொள்ளச் சொல்லி இரண்டு தடவை பல்கலைக்கழகமே கேட்டது, மறுத்துவிட்டார். 250 டாலரில் தொடங்கியவர் 2006-இல் வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்கிய முதல் பெண்கள் பாஸ்கெட்பால் கோச் ஆனார்.

ஒரு கதை மட்டும் சொல்லாமல் விட முடியாது. 1990 செப்டம்பர், நிறைமாதம். ஒரு பள்ளி ஆட்டக்காரியை டென்னசியில் சேரச் சொல்லிப் பேச விமானத்தில் பென்சில்வேனியா போகிறார், அந்தப் பயணத்திலேயே பனிக்குடம் உடைந்துவிடுகிறது. பேச வேண்டியதைப் பேசிவிட்டுத்தான் கிளம்பினார். திரும்பும் வழியில் பைலட்டுகள் பயந்துபோய் வர்ஜீனியாவில் இறக்கிவிடலாமா என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது என்கிறார். ஏன் தெரியுமா? அதே வருஷம் மார்ச்சில் அவர் அணியைத் தோற்கடித்துத் தேசியப் போட்டியிலிருந்து வெளியே அனுப்பியது வர்ஜீனியா அணி. அதுவும் கடைசிச் சுற்று நாக்ஸ்வில்லிலேயே, சொந்த அரங்கிலேயே நடக்க இருந்த வருஷம். என் பிள்ளை அந்த மாநிலத்திலா பிறப்பது! விமானம் டென்னசி வந்து சேர்ந்தது, மகன் டைலர் அங்கேதான் பிறந்தான். அந்தப் பள்ளிப் பெண், மிஷல் மார்சினியாக், முதலில் வேறு காலேஜுக்குப் போய்விட்டு, பிறகு இவரிடமே வந்து 1996 பட்டத்தில் ஆடினார்.

கனெக்டிகட் கோச் ஜீனோ ஆரியம்மாவோடு இருந்த பகை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டு அணிகளும் 1995-இல் மோதத் தொடங்கிய பிறகுதான் பெண்கள் ஆட்டத்தை நாடு முழுக்க டிவியில் பார்க்க ஆரம்பித்தார்கள் என்றே சொல்லலாம். 2007-க்குப் பிறகு சம்மிட் அந்தத் தொடரை நிறுத்திவிட்டார். ரசிகர்களுக்கு அது நஷ்டம், நான் அதில் அவர் கட்சி இல்லை. ஆனால் 2011 ஆகஸ்டில், 59 வயதில், தனக்கு அல்சைமர் நோய் வந்திருக்கிறது என்று அவர் அறிவித்து, பிறகு அறக்கட்டளை தொடங்கியபோது, 10,000 டாலர் கொடுத்தவர் அதே ஜீனோ. சம்மிட் நோயோடு இன்னும் ஒரு சீசன் அணியோடு இருந்தார். 2012 ஏப்ரலில் பொறுப்பைத் தன் உதவி கோச் ஹாலி வார்லிக்கிடம் கொடுத்தார். 2016 ஜூன் 28-இல், 64 வயதில் இறந்தார். அவருடைய 1,098-ஐ 2020-இல் ஸ்டான்ஃபோர்டின் டாரா வேண்டர்வீர் தாண்டிவிட்டார், பிறகு ஜீனோவும் தாண்டிவிட்டார். தாண்டட்டும், எண்கள் அதற்குத்தானே இருக்கின்றன.

இப்போது அந்தக் குறைந்த அரை மதிப்பெண். ஹால் ஆஃப் ஃபேம் பெண்கள் பாஸ்கெட்பால் மொத்தத்துக்குமான இடம். 1999-இல் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டவர்களில் சம்மிட்டும் ஒருவர், அவ்வளவுதான். அவருக்காக மட்டும் போகிறவர்களுக்கு அங்கே பாதிதான் கிடைக்கும். மீதிக்கு அப்படியே பல்கலைக்கழக வளாகத்துக்குப் போக வேண்டும், காரில் கொஞ்ச நேரம்தான். அங்கே அவர் பெயரில் ஒரு தெரு, டாம்ப்சன்-போலிங் அரங்குக்கு எதிரே 2013-இல் திறந்த பாட் சம்மிட் பிளாசா, அதில் எட்டரை அடிக்கு மேல் உயரமான வெண்கலச் சிலை. அரங்கின் ஆடுதளத்துக்கும் அவர் பெயர்தான், தி சம்மிட். 2005-இல், ஆண்கள் காலேஜ் அணி கோச் டீன் ஸ்மித்தின் 879 வெற்றியைத் தாண்டிய அன்று வைத்த பெயர். பிளாசாவுக்குக் கட்டணம் இல்லை.

முதலில் ஹால், பிறகு பிளாசா, இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஹாலின் நேரம் காலத்துக்குக் காலம் மாறும், சில நாள் மூடியும் இருக்கும், அதனால் கிளம்பும் முன் பார்த்துவிட்டுப் போங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரைக்குள் போனால் பெண்கள் அணியின் சொந்த ஊர் ஆட்டம் ஒன்று இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். 2008-க்குப் பிறகு டென்னசிக்குத் தேசியப் பட்டம் வரவில்லை, ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் ஆரஞ்சுச் சட்டையோடு வந்து உட்காருவதில் குறைச்சல் இல்லை. ஆட்ட நாளில் பிளாசா பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், அன்றைக்கு வண்டியைத் தள்ளி விட்டுவிட்டு நடந்தே போய்விடுங்கள்.