கொலுவுக்குக் கையால் செய்து கொடுக்க எது தேறும்: பையா, கிண்ணமா, வளையலா, அகல் விளக்கா?

நவராத்திரிக்கு ஒரு மாசம் இருக்கும்போதே எங்கள் வீட்டில் கணக்கு ஆரம்பித்துவிடும். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய் எல்லாம் சரி, கூட ஒரு சின்னப் பொருள் வைக்கணுமே, அதில்தான் தலைவலி. ரவிக்கைத் துணி வைத்தால் அது நாலு வீடு சுற்றிவிட்டு அடுத்த வருஷம் நம் வீட்டுக்கே வரும். எனக்கு வந்திருக்கிறது, மடிப்பில் என் கை பட்ட குங்குமக் கறையோடு. கடைக்குப் போனால் ஒரு டப்பாவே 40, 50 ரூபாய். 30 பேருக்கு 1,500 ரூபாய் பழுத்துவிடுகிறது.

அதனால் நாலு வருஷமாக வருஷத்துக்கு ஒன்று என்று கையாலேயே செய்து கொடுத்துப் பார்த்தேன். செலவைவிட நான் பார்த்தது இரண்டு விஷயம். முப்பது செய்து முடிக்கும்போது கழுத்து நிற்குமா? மூன்று மாசம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனால் அந்தப் பொருள் கண்ணில் படுமா?

முதல் வருஷம் பட்டு நூல் வளையல். பார்க்க இதுதான் ராணி, அதில் சந்தேகமே இல்லை. பழைய பிளாஸ்டிக் வளையல் மேல் பசை தடவி, 20, 25 இழை நூலைச் சேர்த்துப் பிடித்து இடைவெளி விடாமல் சுற்றி, மேலே கல் ஒட்டினால் கடை வளையல் தோற்றுப்போகும். ஆனால் ஒரு ஜோடிக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. முப்பது ஜோடிக்கு இருபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல், அதுவும் ஒட்டிப்போன விரல்களோடு. பெயர்தான் பட்டு நூல், பெரும்பாலும் செயற்கைப் பட்டுதான். இருந்தும் நூல், பசை, கல் எல்லாம் சேர்த்து ஜோடிக்கு 25 ரூபாய் ஆனது. பழைய வளையல் வீட்டில் இருந்ததால்தான் அந்த விலை.

பெரிய சிக்கல் வேறு. வளையலுக்கு அளவு உண்டு: 2.4, 2.6, 2.8. இதைத் தசமம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படி இல்லை, 2.4 என்றால் இரண்டு அங்குலமும் ஓர் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்ததில் நாலு பாகமும், அதாவது இரண்டே கால் அங்குல விட்டம். வருகிற முப்பது பேரின் கை அளவு யாருக்குத் தெரியும்? எல்லாருக்கும் 2.6 என்று செய்தேன். பாதிப் பேருக்குக் கையில் ஏறவில்லை, சிலருக்குக் கழன்று விழுந்தது. ஏறினவர்களும் அதோடு பாத்திரம் தேய்த்தால் நூல் ஊறி, பசை விட்டு, இரண்டே வாரத்தில் பிசிறு பிசிறாக நிற்கும். அக்கா மகள், தங்கை என்று அளவு தெரிந்த நாலு பேருக்குச் செய்யுங்கள், கொலுவுக்கு வேண்டாம்.

இரண்டாவது வருஷம் வண்ணம் தீட்டிய அகல் விளக்கு. வேலை இதில்தான் குறைவு, குழந்தைகளையும் உட்கார வைத்துவிடலாம். விளக்கு 5 ரூபாய், அக்ரிலிக் பெயின்ட் கொஞ்சம், பத்து நிமிஷத்தில் ஒன்று. விஜயதசமி முடிந்து இருபது நாளில் தீபாவளி வந்துவிடும், ஆகவே நிச்சயம் ஏற்றுவார்கள் என்ற கணக்கும் இருந்தது. ஏற்றினார்கள். மண் எண்ணெயைக் குடிக்கும் என்பதை நான்தான் மறந்துவிட்டேன். உள்ளேயிருந்து கசிந்த எண்ணெய் வெளியே வந்து, நான் மாய்ந்து மாய்ந்து வைத்த புள்ளிகளை எல்லாம் தோல் உரிகிற மாதிரி உரித்துவிட்டது. திரி உட்காரும் மூக்குப் பக்கம் பெயின்ட் கருகியும் போனது. விளக்கைத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, நன்றாகக் காயவிட்டு, மூக்கை விட்டுவிட்டுத் தீட்டினால் கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் ஒரு தீபாவளிக்குத்தான்.

மூன்றாவது, காகிதக் கூழ் கிண்ணம். என் மனசு இன்னும் இதில்தான் இருக்கிறது. பாட்டி காலத்தில் பழைய பேப்பரும் வெந்தயமும் சேர்த்து உரலில் ஆட்டி, குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் அப்பிக் கூடை செய்வார்கள், நெல்லும் பருப்பும் கொட்டி வைக்க. காஞ்சிபுரம், பண்ருட்டி கொலு பொம்மைகளும் காகிதக் கூழில்தானே வருகின்றன, கொலுவுக்கு இதைவிடப் பொருத்தம் ஏது என்று இறங்கினேன்.

செய்தித்தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, தினம் தண்ணீர் மாற்றி மூன்று நாள் ஊறவைக்க வேண்டும். கத்தரிக்கோல் வேண்டாம், கிழித்தால்தான் நார் பிரியும். இரவே ஊறப்போட்ட வெந்தயத்தோடு சேர்த்து அரைத்தால் தோசை மாவுக்கும் சப்பாத்தி மாவுக்கும் நடுவில் ஒரு பதம் வரும், அதுதான் சரியான பதம். வெந்தயத்தின் வழவழப்புதான் பசை. எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலே ஈரத் துணி போட்டு, அரை அங்குலம் கனத்துக்கு அப்ப வேண்டும். துணியை மட்டும் மறக்கக் கூடாது. கூழ் காயக் காயச் சுருங்கும், சுருங்கினால் கிண்ணத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் சுத்தியல்தான். எனக்கு ஒரு கிண்ணம் அப்படி நசுங்கியது.

கையை வைத்துச் செய்கிற வேலை ஒன்றுக்கு இருபது நிமிஷம்தான், செலவு 3 ரூபாய் தாண்டாது. ஆனால் காய நாலைந்து நாள் நல்ல வெயில் வேண்டும். புரட்டாசியில் சென்னையில் பகலெல்லாம் வெயில் அடித்துவிட்டு, சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் கொட்டும். மொட்டை மாடியில் வரிசையாக வைத்திருந்த பதினெட்டில் ஏழு நனைந்து, மறுநாள் பூசணம் பூத்து, வீடு முழுக்க ஒரு புளித்த வாடை. அத்தை ஒரு வாரம் மிக்ஸியைத் தொடவே இல்லை. தப்பித்த பதினொன்று மட்டும் இன்றைக்கும் கல்லு மாதிரி இருக்கின்றன. ஒரு வீட்டில் சாவி போட்டு வைத்திருக்கிறார்கள், இன்னொரு வீட்டில் பூண்டு. சுண்டல் மட்டும் போட வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன். அச்சு மை இருக்கிறதே, செய்தித்தாளில் பலகாரம் மடிக்க வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. செய்வதென்றால் சித்திரை, வைகாசியிலேயே செய்து அட்டைப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

கொட்டாங்குச்சியும் முயற்சி செய்தேன், இரண்டோடு நிறுத்திவிட்டேன். நார் சுரண்டி, மூன்று ரக உப்புத்தாள் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசினால் பளபளவென்று அழகாக வருகிறது. ஆனால் அந்தத் தூசி மூக்குக்குள் போய் இரண்டு நாள் தும்மல். மெஷின் வைத்திருப்பவர்கள் செய்யட்டும்.

போன வருஷம் பழைய புடவையில் சுருக்குப்பை. பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்தே தடை. அதற்குப் பதிலாகத் தாம்பூலத்துக்கு எல்லாரும் கொடுக்கிற அந்த நான்-ஓவன் பையும் துணி இல்லை, பிளாஸ்டிக்தான், அந்த 2019 தடைப் பட்டியலில் அதுவும் இருந்தது. எப்படியும் ஒரு பை வேண்டும், அந்தப் பையே பரிசாக இருந்தால் என்ன?

ஐந்தரை மீட்டர் புடவை என்றால் 216 அங்குல நீளம், 45 அங்குல அகலம். 20-க்கு 10 என்று துண்டு போட்டால் 42 வரும், கிழிசலும் கறையும் போக எனக்கு 30 தேறியது. பருத்திப் புடவை என்றால் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்துக் கையால் இழுங்கள், இழை வழியே நேராகக் கிழியும், கோடு போடுகிற வேலை மிச்சம். மடித்து இரு பக்கமும் அடித்து, வாய்ப் பக்கம் ஓர் அங்குலம் மடக்கித் தைத்து, பாவாடை நாடாவை இரண்டு பக்கத்திலிருந்தும் எதிரெதிராகக் கோத்துவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கோத்தால் வாய் கோணிக்கொள்ளும். நாடாவும் நூலும் சேர்த்து 180 ரூபாய், பைக்கு 6 ரூபாய். ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிஷம், இரண்டு மத்தியானத்தில் முடிந்துவிட்டது.

இதிலும் ஓர் இடத்தில் கோட்டை விட்டேன். முதலில் தைத்த ஐந்து பையும் ஏழு அங்குல அகலம். கீழ் வீட்டு மாமி எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல தேங்கா போகுமா?" என்றார். போனது, ஆனால் அதோடு வெற்றிலையும் வாழைப்பழமும் போகவில்லை, வாயும் மூடவில்லை. தைத்து முடித்தபின் ஒன்பது அங்குலம் நிற்க வேண்டும், அப்போதுதான் குடுமித் தேங்காய் நிம்மதியாக உட்காரும். அந்த ஐந்தும் இப்போது என் வீட்டில் சில்லறைக்கும் துணிக் கிளிப்புக்கும் ஆகின்றன.

என் வரிசை இதுதான்: பை முதலில், கோடையிலேயே செய்து வைக்க முடிந்தால் கிண்ணம் அடுத்தது, குழந்தைகளோடு ஒரு பொழுது போக வேண்டும் என்றால் விளக்கு. பை கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் கோயிலுக்கு அதில்தான் அர்ச்சனைத் தேங்காய் கொண்டுபோகிறார்கள். மாமி அதில் ரேஷன் கார்டு வைத்திருக்கிறார்.

மெஷின் இல்லையென்றால் கையாலும் தைக்கலாம், ஆனால் ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் ஆகும், அப்போது வளையல் கணக்கேதான். பக்கத்துத் தெரு டெய்லரிடம் துண்டு போட்டுக் கொடுத்துத் தைத்து வாங்குவது மேல்.

இந்த வருஷத்துக்கு அம்மாவின் சுங்குடிப் புடவை ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். கொசுவம் விழுகிற இடத்தில் நைந்துபோயிருக்கிறது, அதைத் தள்ளினால் 28 தேறும். மிச்சம் இரண்டுக்கு முந்தானையை வெட்ட வேண்டியிருக்கும், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.