ஓஎஸ்பிஎஃப், ஐஎஸ்-ஐஎஸ்: சுவிட்சில் எதை அமைப்பது?

ஓஎஸ்பிஎஃப் (OSPF), ஐஎஸ்-ஐஎஸ் (IS-IS) ஆகியவை, தரவு எந்த வழியே செல்ல வேண்டும் என்று வலையமைப்புக் கருவிகள் முடிவு செய்ய உதவும் ரௌட்டிங் நெறிமுறைகள். இரண்டும் டைக்ஸ்ட்ரா வழிமுறையைக் கொண்டே குறுகிய பாதையைக் கணக்கிடுகின்றன. வேறுபாடு அமைக்கும்போதுதான் தெரிகிறது. ஓஎஸ்பிஎஃப் ஐபி பாக்கெட்டுக்குள் 89 என்ற நெறிமுறை எண்ணுடன் பயணிக்கிறது. ஏரியா (வலையமைப்பின் பகுதி) எண், ஹலோ நேரம் (அண்டைக் கருவிக்குத் தன் இருப்பை அறிவிக்கும் இடைவெளி; ஈதர்நெட்டில் வழக்கமாக 10 வினாடி), டெட் நேரம் (அறிவிப்பு வராவிட்டால் அண்டைக் கருவி செயலிழந்ததாகக் கருதக் காத்திருக்கும் நேரம்; 40 வினாடி) ஆகியவை இரு முனைகளிலும் ஒத்திருந்தாலன்றி அண்டை உறவு உருவாகாது. எம்டியு (அனுப்பக்கூடிய பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) மட்டும் மாறுபட்டாலோ, உறவு தொடங்கியது போலத் தோன்றி தகவல் பரிமாற்றம் தொடங்கவிருக்கும் எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். பலரின் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் கோளாறு இது.

ஐஎஸ்-ஐஎஸ் ஐபி இன்றி நேரடியாக இரண்டாம் அடுக்கின் (ஈதர்நெட் போன்ற இணைப்பு அடுக்கு) மீது இயங்குகிறது. ஹலோ நேரங்கள் வேறுபட்டாலும் பொறுத்துக்கொள்கிறது, ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் ஒரே செயல்முறையில் சுமக்கிறது. 49.0001 என்று தொடங்கும் அதன் நெட் (NET) முகவரி, அதாவது கருவியை அடையாளம் காட்டும் எண், புதியவர்களை மிரட்டினாலும், பழகிவிட்டால் ஒன்றுமில்லை. எனினும் பல சுவிட்சுகளில் ஐஎஸ்-ஐஎஸ் வசதியே இராது என்பதால், சிறிய வளாக வலையமைப்புக்கு ஏரியா 0 (முதுகெலும்புப் பகுதி) மட்டும் கொண்ட ஓஎஸ்பிஎஃப்பையே தேர்வேன்.