இருவராகவா, கூட்டமாகவா?

நெல்லைக்குப் படிக்க வரும் வெளிநாட்டு மாணவரும் உள்ளூர் மாணவரும் மொழியைப் பரிமாறிக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. இருவர் மட்டும் அமர்ந்து அரை மணி தமிழ், அரை மணி அவர் மொழி எனப் பேசினால் ழகர, ளகரப் பிழைகள் உடனுக்குடன் திருந்தும். கூச்சமுள்ளவருக்கு அதுவே வசதி, ஆனால் தேர்வு நெருங்கினால் முதலில் கைவிடப்படுவதும் அதுதான்.

1990இல் நிறுவப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் அபிஷேகப்பட்டி வளாகம் ஊருக்கு வெளியே இருப்பதால், அங்குள்ளோருக்கு இந்த இருவர் முறை எளிது. மற்றொரு வழி கூட்டமாகப் பழகுவது. நண்பர் கூட்டத்தோடு தாமிரபரணியின் குறுக்குத்துறையில் குளித்து, "ஏலே, டீ குடிக்க வாரியா?" என்று அழைக்கப்படும் அளவுக்குப் பழகும்போது இலக்கணம் தாறுமாறாகத்தான் வரும்; நம்மவர்கள் சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவிவிடும் தொல்லை வேறு. ஆயினும் நட்பு வேர்விடுவது அங்கேதான் என்பதால், ஓராண்டு தங்குபவருக்குக் கூட்டத்தையே பரிந்துரைப்பேன். ஒரு செமஸ்டர் மட்டும் இருப்பவர் இருவர் முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.