‘பிரௌசர் கண்டறியும் வசதி’ என்று தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

இணையதளம் செய்துதரும் நிறுவனங்களிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். நாங்கள் சிறிய பதிப்பகம். புத்தக விற்பனைத் தளத்தை ஒரு நிறுவனம் செய்துகொடுத்தது. வருகிறவரின் பிரௌசர் என்ன, அதனால் என்னவெல்லாம் முடியும் என்று தளம் இயங்கும் கணினியான சர்வரே கண்டறிந்துவிடும் என்று சொல்லி, அதற்குத் தனியாக ஒரு தொகையும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணமும் வாங்கினார்கள்.

2022 ஏப்ரலில் வாசகர்கள் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினார்கள். ‘உங்கள் பிரௌசர் மிகப் பழையது’ என்று சொல்லித் தளம் அவர்களைத் திருப்பி அனுப்புகிறது. அத்தனை பேரும் அப்போதுதான் கூகுளின் குரோம் பிரௌசரைப் புதுப்பித்தவர்கள். நிறுவனத்திடம் கேட்டால், கோளாறு வாடிக்கையாளரின் கணினியில் என்றார்கள். விடாமல் கேட்டதும், ‘கூகுள் மாற்றிவிட்டது, மேம்படுத்த வேண்டும்’ என்று புதிய கட்டணப் பட்டியலை அனுப்பினார்கள்.

நிரல் எழுதத் தெரிந்த என் அக்கா மகள் சர்வர் நிரலைத் திறந்து பார்த்தாள். பிரௌசர் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் சொல்லி அனுப்பும் ‘யூசர் ஏஜென்ட்’ வரியில் ‘குரோம்/’ என்பதற்கு அடுத்த இரண்டு இலக்கங்களை எடு. 60க்குக் கீழே இருந்தால் தடுத்துவிடு. ஆண்டுக் கட்டணம் கட்டி வந்த வசதி இவ்வளவுதான். மார்ச் 29 அன்று குரோம் 100 வெளியானது. 100இல் முதல் இரண்டு இலக்கம் 10. ஆகவே ஆகப் புதிய பிரௌசர் ஆகப் பழையதாகிவிட்டது.

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று அவர்கள் சொன்னது உண்மையல்ல. தளங்களை முன்கூட்டியே சோதித்துக்கொள்வதற்காக, பதிப்பு எண்ணை 100 என்று காட்டும் அமைப்பைக் கூகுள் மாதக்கணக்கில் முன்பே குரோமில் வைத்திருந்தது. 2009இல் ஓப்பரா பிரௌசரின் 10ஆம் பதிப்பு வந்தபோதும் இதே சிக்கல்தான். தளங்கள் உடைந்ததால் அது தன்னை 9.80 என்றே சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 10ஐ, தளங்கள் செய்யப் பயன்படும் தன் ஏஎஸ்பி டாட் நெட் மென்பொருள் அடையாளம் காணாமல் போனதற்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. இதையே தொழிலாகச் செய்பவர்கள் இவற்றை அறிந்திருக்க வேண்டாமா?

இத்தகைய நிரல்கள் பார்ப்பது பிரௌசர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் அந்த ஒரு வரியை மட்டுமே. அதை நம்ப முடியாது. குரோம் தன் வரியில் ஆப்பிளின் பிரௌசரான சஃபாரி என்றும் எழுதும். மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரௌசர், குரோம் என்றும் சஃபாரி என்றும் எழுதும். 2019இல் வந்த ஐபேட் ஓஎஸ் 13 முதல் ஐபேடின் சஃபாரி தன்னை மேக் கணினி என்றே சொல்கிறது. விண்டோஸ் 11 கணினியிலிருந்து வந்தாலும் அந்த வரியில் இருப்பது ‘விண்டோஸ் என்டி 10.0’தான்; விண்டோஸ் 10 கணினியிலும் அதேதான்.

எனக்கு மிகுந்த கோபத்தைத் தந்தது அவர்கள் அனுப்பிய ‘வாசகர் கைபேசி அறிக்கை’. 2023க்குப் பிறகு வந்த அறிக்கைகளில் பெரும்பாலோர் ஆண்ட்ராய்டு 10 வைத்திருப்பதாகவும் கைபேசி மாடல் ‘கே’ என்றும் இருந்தது. அப்படி ஒரு மாடலே கிடையாது. தனியுரிமை கருதி குரோம் இப்போது எல்லா ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கும் ‘ஆண்ட்ராய்டு 10; கே’ என்ற ஒரே சொற்களைத்தான் அனுப்புகிறது. அது தெரியாமலோ தெரிந்தோ, அதை அட்டவணையாக்கி எங்களிடம் காசு வாங்கினார்கள்.

திரும்பிப் போன வாசகர்களில் பலர் பிறகு வரவே இல்லை. கட்டணத்தைத் திருப்பிக் கேட்ட கடிதத்துக்குப் பதிலும் இல்லை.

ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்குங்கள்: பிரௌசரின் பெயரையோ பதிப்பு எண்ணையோ பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது. ஒரு வசதி இருக்கிறதா என்று தெரியவேண்டுமானால் பிரௌசரிலேயே இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மூலமோ, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் ‘சப்போர்ட்ஸ்’ விதி மூலமோ சோதிக்க வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் தளத்தின் எளிய வடிவத்தைக் காட்ட வேண்டும். எச்சரிக்கை காட்டியே தீரவேண்டுமென்றால், அதன் கீழே ‘பரவாயில்லை, தொடர்க’ என்ற பொத்தான் கட்டாயம் இருக்க வேண்டும். மறுக்கிற நிறுவனத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.