லாரி விபத்து நஷ்டஈடு வாங்கித் தருகிறோம் என்று வார்டுக்கே வருகிறவர்களை நம்பாதீர்கள்: எங்களுக்கு 85,000 ரூபாய் போனது

நேற்று மதியம்தான் முழு விஷயமும் தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆறப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். நஷ்டஈடு வழக்குப் போட்டுத் தருகிறோம் என்று சொல்லி 85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, வழக்கே போடாமல் மாதக்கணக்கில் எங்களை அலையவிட்டிருக்கிறார்கள். அந்த இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம், அங்கே பார்த்துக்கொள்கிறோம். ஆனால் இப்படிப்பட்ட கும்பல் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். லாரி விபத்தில் கை காலை இழந்து படுத்திருப்பவர்களைத் தேடித்தேடித்தான் இவர்கள் வருகிறார்கள்.

கோவை நீலாம்பூர் – மதுக்கரை பைபாஸில் போய் வந்தவர்களுக்கு அந்த ரோட்டின் நிலைமை தெரியும். அண்ணன் லேத் பட்டறையில் வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தான். எதிர்த்திசையில் முன்னால் போன வண்டியை முந்துவதற்காக ஏறி வந்த டிப்பர் லாரி அடித்துவிட்டது. வலது மணிக்கட்டும் முன்கையும் நொறுங்கின, தொடை எலும்பு முறிந்தது. 108 வந்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்புறம் பிளேட் வைக்கத் தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம்.

அந்தத் தனியார் வார்டுக்குத்தான் அந்த ஆள் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல், கழுத்தில் ஏதோ அடையாள அட்டை. உடனே காசைப் பற்றிப் பேசவில்லை. முதலில் அண்ணியிடம், "சாப்பிட்டீங்களாம்மா? ராத்திரி பூரா உட்கார்ந்தே இருந்திருக்கீங்க" என்றான். அண்ணன் பெயர், விபத்து நடந்த இடம், டிப்பர் நம்பர், எந்த ஸ்டேஷன் என்று எல்லாம் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று இன்று வரை தெரியவில்லை. "விபத்து இழப்பீட்டு ஆலோசனை மையம், எங்க ஆபீஸ்லயே வக்கீல் இருக்காரு" என்றான். ஃபைலைத் திறந்து, 18 லட்சம், 27 லட்சம் என்று செக் ஜெராக்ஸ்களைக் காட்டினான். பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் அவர்கள்தான் செய்து தருவதாகச் சொன்னான். அந்த மனிதரும் தலையாட்டினார். அவரிடமும் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த நாள் வக்காலத்து, இரண்டு மூன்று வெள்ளைத் தாள், 20 ரூபாய் முத்திரைத்தாள் ஒன்று, எல்லாவற்றோடும் வந்தான். அண்ணனுக்கு வலது கையில் மாவுக்கட்டு, கையெழுத்துப் போட முடியாது. இடது கையில் டிரிப்ஸ் ஊசியை ஒட்டியிருந்தார்கள். அந்தக் கையைத் தூக்கி, பெருவிரலை மை அட்டையில் அமுக்கி, தாளுக்குத் தாள் ரேகை எடுத்தான். டேப்பின் ஓரமெல்லாம் நீல மை. அண்ணன் வலி மருந்து மயக்கத்தில், "எதுக்குடா இது?" என்று என்னைக் கேட்டான். "கேஸுக்குண்ணா" என்றேன். அந்த ஆள் அண்ணனின் தலையணையைச் சரிசெய்துவிட்டு, "நீங்க குணமாகுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றான். என்னால் மறக்கவே முடியாதது அந்தத் தலையணைதான்.

பணம் மூன்று தவணையாகப் போனது. முதலில் 'ஃபைல் செலவு' 25,000. அப்புறம், எஃப்ஐஆரில் டிப்பர் டிரைவர் சொன்னபடி "பைக் தப்பாக வந்தது" என்று எழுதிவிட்டார்கள், அதை மாற்ற ஸ்டேஷன் செலவு என்று 20,000. கடைசியாக, "40 லட்சத்துக்குக் கேஸ் போடறோம், கோர்ட் கட்டணம் ஒரு சதவீதம் முன்னாடியே கட்டணும்" என்று 40,000. அண்ணி வளையலை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. மொத்தம் 85,000. தீர்ப்பு வந்ததும் நான்கில் ஒரு பங்கு அவர்களுக்கு என்று வேறு பேச்சு. ஆஸ்பத்திரி பில்களின் அசல், டிஸ்சார்ஜ் சம்மரி அசல், எக்ஸ்ரே எல்லாவற்றையும் 'கோர்ட்டில் தாக்கல் செய்ய' என்று வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு எத்தனை விதமான பதில்கள்! ஃபோன் பண்ணினால், "ஃபைல் மூவ் ஆயிட்டிருக்கு சார்." அப்புறம் கோர்ட் விடுமுறை. அப்புறம் நீதிபதி மாறிவிட்டார். நேரில் போனால், அங்கே உட்கார்ந்திருக்கும் பெண், "சார் ஃபீல்டுல இருக்காரு" என்பார். ஒருமுறை அவனே எடுத்து, "லாரிக்கு இன்சூரன்ஸ் லேப்ஸ் ஆகியிருக்கு, ஓனர்கிட்ட பேசி ஏதோ வாங்கித் தர்றேன், அவசரப்பட்டா அதுவும் போயிடும்" என்று பயமுறுத்தினான். அன்று இரவு வண்டி விவரம் பார்க்கும் எம்-பரிவாகன் செயலியில் டிப்பர் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். விபத்து நடந்த தேதியில் இன்சூரன்ஸ் செல்லுபடியாகத்தான் இருந்தது. அதைச் சொன்னதும் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டான்.

கடைசியில் அவன் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருந்த எம்.சி.ஓ.பி. நம்பரை (விபத்து நஷ்டஈட்டு மனுவுக்குக் கோர்ட் தரும் எண்) எடுத்துக்கொண்டு, நேற்று நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா, கோர்ட் வழக்கு விவரம் பார்க்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் அந்த நம்பரைப் போட்டார். மனுதாரர் வேறு யாரோ, வழக்கும் எப்போதோ முடிந்துவிட்டது. அண்ணன் பெயரைப் போட்டுத் தேடினார். ஒன்றுமே இல்லை. "தம்பி, உங்களுக்கு இன்னும் மனுவே போடல" என்றார். 85,000 ரூபாய் வாங்கியவர்கள் ஒரு தாளைக்கூடக் கோர்ட்டில் கொடுக்கவில்லை.

விஷயம் பணத்தோடு நிற்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 166(3) பிரிவின்படி விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். இடையில் பல வருஷம் இந்தக் கெடு இல்லாமல் இருந்தது. 2019 திருத்தத்தில் மறுபடி கொண்டுவந்து, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கெடு முடிய எங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. இவர்கள் 'மூவ் ஆயிட்டிருக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்த ஒவ்வொரு வாரமும் எங்கள் கணக்கிலிருந்துதான் கழிந்தது.

அதோடு அந்த கேமரா பதிவு. விபத்து நடந்த இடத்துக்கு எதிரே பெட்ரோல் பங்க் இருக்கிறது, அதன் கேமரா ரோட்டைப் பார்த்துதான் இருக்கிறது. "அதை நாங்க வாங்கிடறோம், நீங்க போனா தரமாட்டாங்க" என்று அந்த ஆள் சொல்லியிருந்தான். இப்போது போய்க் கேட்டால், பங்க் மேனேஜர், "அன்னிக்கே வந்திருந்தா எடுத்துக் கொடுத்திருப்பேன் தம்பி, பழசு மேல பதிவாகிப் போச்சு" என்கிறார். டிப்பர் முந்தி ஏறியதைக் காட்டியிருக்கக்கூடிய ஒரே சாட்சி அது. எஃப்ஐஆரில் டிரைவர் தரப்புக் கதை இருக்கும்போது, இன்சூரன்ஸ் கம்பெனி அண்ணன் பக்கமும் தப்பு இருக்கிறது என்று வாதாடி, அந்தப் பங்கு அளவுக்கு நஷ்டஈட்டைக் குறைக்கப் பார்க்கும்.

இவர்கள் விற்றதில் பாதி, சட்டப்படி தானாக நடக்க வேண்டியது என்பதுதான் எனக்கு வயிறு எரிகிறது. 2022-ல் வந்த மத்திய விதிகளின்படி, விசாரணை அதிகாரி விபத்து பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், விரிவான அறிக்கையை 90 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவம் 2-ஐப் பத்து நாளுக்குள் நம் கையில் தர வேண்டும். எங்களுக்கு அப்படி ஒரு தாள் வரவே இல்லை. அது வந்திருந்தால் அந்த ஆளுக்கு வார்டில் வேலையே இருந்திருக்காது. எஃப்ஐஆர் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். போலீஸின் இணையதளத்திலும் பார்க்கலாம்.

வக்கீல் கட்டணமும் அப்படித்தான். தீர்ப்பில் பங்கு கேட்பதும், ஜெயித்தால் இவ்வளவு என்று பேசுவதும் பார் கவுன்சில் விதிப்படி வக்கீலுக்கே கூடாது. இடைத்தரகனுக்கு எந்த உரிமையில் நான்கில் ஒரு பங்கு? பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு இலவச வக்கீல் தருகிறது. பட்டறைத் தொழிலாளி என்ற கணக்கிலேயே அண்ணனுக்கு வக்கீல் நியமிக்கிறோம் என்றார் அந்த அம்மா. கோர்ட் கட்டணமும் நாங்கள் கட்ட வேண்டியதில்லையாம். 40,000 ரூபாய் எதற்கு வாங்கினான்?

இன்னொரு பொய்யும் இருக்கிறது. "எலும்பு முறிவுக்கெல்லாம் இவ்வளவுதான்னு ரேட் இருக்கு சார்" என்பான். அப்படி எந்த ரேட்டும் இல்லை. 2010-ல் ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில், உடம்பில் எத்தனை சதவீத ஊனம் என்பதை மட்டும் பார்க்காமல், அதனால் அவருடைய தொழில் வருமானம் எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அண்ணன் லேத் ஓட்டுகிறவன். வலது மணிக்கட்டு திரும்பவில்லை என்றால் அவனுக்கு வேலையே இல்லை. மேசை வேலை பார்க்கிறவருக்கு ஆகிற அதே முறிவும் இதுவும் ஒன்றல்ல. இதை அந்த 'ஆலோசனை மையம்' ஒருநாளும் கேட்கவில்லை. சம்பளச் சீட்டுகூடக் கேட்கவில்லை.

இப்போது அசல் பில்களைத் திருப்பித் தர இன்னும் 15,000 வேண்டும் என்று வேறு ஒரு நம்பரிலிருந்து பேசுகிறார்கள். தரமாட்டோம். ஆஸ்பத்திரியில் சான்றொப்பமிட்ட நகல் கேட்டிருக்கிறோம். முத்திரைத்தாளில் எடுத்த ரேகையை வைத்து என்ன எழுதிக்கொள்வார்களோ என்ற பயத்தில் அதையும் புகாரில் சேர்த்திருக்கிறோம்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், நேரமில்லை. அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். வார்டுக்குத் தேடி வருகிற யாரிடமும் ரேகையோ கையெழுத்தோ வேண்டாம், வெற்றுத்தாளில் அறவே வேண்டாம். அசல் எதையும் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். பக்கத்துக் கடை, பங்க் கேமராப் பதிவை அந்த வாரமே எழுத்தில் கேளுங்கள், ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுங்கள். லாரி ஓனர் தரும் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' தாளில் வக்கீல் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். எம்.சி.ஓ.பி. நம்பர் கொடுத்தால் அன்றைக்கே இ-கோர்ட்ஸில் போட்டுப் பாருங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100.

நாளைக் காலையில் ஆணைக்குழு வக்கீலைப் பார்க்கப் போகிறோம், சம்பளச் சீட்டுக்குப் பட்டறை முதலாளியைப் பிடிக்க வேண்டும். கோவைப் பக்கம் யாராவது உறவுக்காரர்கள் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்தால், இதை இன்றே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.